பழைய பேனாக்கத்தி நாலு: விலை எப்பிடிப் பாக்கிறது, மினுக்கலாமோ?

இணுவிலான்

வணக்கம். வீட்டுத் தகரப்பெட்டியில நாலு பழைய மடக்குக் கத்தி இருக்குது. பழம்பொருள் வாங்கிற வியாபாரி ஒருத்தர் நாலுக்கும் சேர்த்து ஒரே விலை கேக்கிறார். நல்லா மினுக்கி வைச்சால் கூட்டித் தரலாம் எண்டும் சொல்லுறார். குடுக்க முந்தி விசயம் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேப்பம் எண்டு போடுறன்.

1. ரெண்டு அலகு உள்ள பேனாக்கத்தி. மண்ணிறப் பிடி, மேடும் பள்ளமுமா இருக்குது. எலும்போ கொம்போ தெரியேல்லை. பெரிய அலகின்ர அடியில "ஜோசப் றொஜர்ஸ் அன்ட் சன்ஸ்", "கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்ரி", பக்கத்தில ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும். சின்ன அலகு இறுகிப் போச்சுது, திறக்கேலாது.

2. பாரமான கத்தி. கறுப்புப் பிடியில கட்டம் கட்டமா வெட்டு. தடிச்ச அலகு ஒண்டு, தகரம் வெட்டி ஒண்டு, முதுகுப் பக்கம் நீட்டு ஊசி ஒண்டு. அம்புக்குறியும் 1943 எண்டும் குத்தியிருக்குது.

3. அலுமினியப் பிடி போட்ட சுவிஸ் கத்தி. அலகின்ர அடியில 72 எண்டு இருக்குது.

4. விரல் நீளத்தில ஒரு சின்னக் கத்தி, வெள்ளைப் பிடி. தந்தம் எண்டு வீட்டில சொல்லுவினம். பேர் தேய்ஞ்சு போச்சுது, "சோலிங்கன்" (ஜேர்மனியில ஒரு ஊர்) மட்டும் வாசிக்கலாம்.

எது பெறுமதியானது, விலையை எப்பிடிக் கணிக்கிறது, துருவை என்ன செய்யிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வில்லுக்கத்தி

தம்பி, முதல்ல அந்த மினுக்கல் வேலையை விடுங்கோ. கடைக்கு வாற ஆளுக்குத்தான் பளபளப்பு வேணும். சேகரிக்கிற ஆள் பாக்கிறது அலகின்ர அடியில இருக்கிற முத்திரையை. கத்தியைத் துணிச்சக்கரத்தில பிடிச்சால் எழுத்தின்ர விளிம்பு உருண்டு போகும். பிடிக்கும் முனையில இருக்கிற உலோகக் காப்புக்கும் நடுவில உள்ள கூரான கோடும் கரைஞ்சிடும். போனது திரும்பி வராது. நாலையும் ஒரே விலைக்குக் குடுக்கிறதும் பிழை. நாலுக்கும் ஆசைப்படுற ஆக்கள் வேற வேற.

உங்கட முதலாவதுதான் நிண்டு பாக்க வேண்டிய சாமான். நட்சத்திரமும் மோல்ட்டாச் சிலுவையும் 1764 இல இங்கிலாந்தின்ர ஷெபீல்ட் நகரத்துக் கத்தித் தொழிலாளர் சங்கத்திட்ட இருந்து றொஜர்ஸ் குடும்பத்துக்கு வந்த முத்திரை. "ஹிஸ் மெஜஸ்ரி" எண்டால் அரசர் காலம். 1837 தொடக்கம் 1901 வரை விக்ரோறியா மகாராணி, அப்ப "ஹெர் மெஜஸ்ரி" எண்டுதான் வரும். அதால உங்கடது அநேகமா 1901 க்கும் 1952 க்கும் இடைப்பட்டது. முடி ஒண்டும் அதுக்கு ரெண்டு பக்கமும் ஜீ, ஆர் எழுத்துகளும் இருக்கோ எண்டு மற்ற அலகிலயும் பாருங்கோ. இருந்தால் ஜோர்ஜ் மன்னர்கள் காலம், 1910 க்குப் பிறகு. ஷெபீல்ட் எண்டதோட "இங்லண்ட்" எண்டும் இருந்தால் 1891 க்குப் பிறகு எண்டு சொல்லுற ஒரு வழக்கம் இருக்குது. அது அமெரிக்காவுக்குப் போற சாமானில நாட்டுப் பேர் போடோணும் எண்டு வந்த சட்டத்தால வந்தது. எங்கட பக்கம் அனுப்பின கத்திக்கு அதை மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ.

பேரை எழுத்தெழுத்தா வாசியுங்கோ. றொஜர்ஸ் எண்டதுக்கு நடுவில ஆங்கில டீ (D) எழுத்து கட்டாயம் இருக்கோணும். அது இல்லாமலும், "ஜோசப்" எண்ட பேர் இல்லாமலும் கிட்டத்தட்ட அதே மாதிரிப் பேரோட கன கத்தி வந்திருக்குது. சிலது வேற கம்பனி, சிலது கள்ளச் சாமான்.

பேந்து, நகை வேலை செய்யிற ஆக்கள் கண்ணில வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒண்டு எடுங்கோ. யாழ்ப்பாணத்தில கஸ்தூரியார் வீதிப் பக்கம் கேட்டால் ஒருக்காப் பாக்கத் தருவினம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில இருந்து விழ விட்டு முத்திரையைப் பாருங்கோ. முத்திரை குத்துறது உருக்கைக் கடினமாக்க முந்தி, அது மென்மையா இருக்கிற நேரம். அதால எழுத்தின்ர ஓரத்தில உலோகம் கொஞ்சம் தள்ளுப்பட்டு, அடி உருண்டையா இருக்கும். பிறகு வந்த துருக்குழி எழுத்துக்கு உள்ளையும் வெளியிலையும் ஒரே மாதிரி ஓடும். துருக்குழியை வெட்டிக்கொண்டு எழுத்து போனால், எழுத்து துருவுக்குப் பிறகு வந்தது. எழுத்தெல்லாம் ஒரே ஆழத்தில, மேலோட்டமா, கறுப்பாக் கருகின மாதிரி இருந்தால் லேசர்.

அடுத்தது தேய்மானம். விலையில கூடுதலா வெட்டு விழுறது இதிலதான். அலகின்ர அடியில தீட்டுக்கல் படாத ஒரு சின்னத் துண்டு இருக்கும். அந்த இடத்து அகலத்தை வேணியர் இடுக்கியால அளவுங்கோ. பிறகு அலகின்ர நடு அகலம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏறக்குறைய கல் தின்ட அளவு. இயல்பாவே ஒடுங்கிப் போற அலகுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அப்ப அதே வடிவத்துப் புதுக் கத்தியின்ர படத்தோட ஒப்பிடோணும்.

அமெரிக்கச் சேகரிப்பாளர் சங்கத்தின்ர தரப்படி, தொழிற்சாலையால வந்த மாதிரியே இருக்கிறது முதல் தரம். சட்டைப்பையில கொஞ்சம் கொண்டு திரிஞ்சது அதுக்கு அடுத்தது. அலகுத் தேய்மானம் 10 சதவீதத்துக்கு மேல போகாதது "மிகச் சிறப்பு". 25 சதவீதம் அளவில தேய்ஞ்சு, பிடியில சின்ன வெடிப்பு இருந்தாலும், அலகு மாத்தாமல், முத்திரை வெறுங்கண்ணுக்குத் தெரிஞ்சால் "மிக நன்று". பாதி தேய்ஞ்சு, வில்லு (அலகை இழுத்துப் பிடிக்கிற முதுகு ஸ்பிறிங்) சோர்ந்து, முத்திரை லென்சில மட்டும் தெரிஞ்சால் "பரவாயில்லை". அதுக்குக் கீழ உள்ளது உதிரிப்பாகத்துக்குத்தான் உதவும்.

வில்லையும் பாருங்கோ. நல்ல கத்தி திறக்கேக்கையும் மூடேக்கையும் "டக்" எண்டு சொல்லும். அலகைப் பாதி மூடிப்போட்டு விட்டால் தானாப் போய் விழோணும். இடையில சோம்பி நிண்டால் வில்லுத் தளர்ந்திட்டுது, இல்லாட்டி மூட்டுக்குள்ள ஊத்தை. திறந்த அலகைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டிப் பாருங்கோ. ஆட்டம் இருந்தால் ஆணியைச் சுத்தியலால தட்டி இறுக்க வெளிக்கிடாதேங்கோ. எலும்புப் பிடி ஆணியடியில மயிர்க்கோடா வெடிக்கும், அந்த வெடிப்பு ஆட்டத்தை விடக் கூட விலையைக் குறைக்கும்.

ரெண்டாவது பிரித்தானியப் படைக் கத்தி. மூண்டு கோட்டு அம்புக்குறி அரச உடைமை எண்டதுக்கு அடையாளம். போர்க் காலத்தில திருகோணமலையில கடற்படை, பலாலியில விமானத்தளம் எல்லாம் இருந்ததால எங்கட பக்கம் இது புதினமில்லை. கணக்கில்லாமல் செய்த சாமான், அதால நிலைமைதான் விலை. தகரம் வெட்டியின்ர நுனி முறிஞ்சிருக்கோ, கயிறு கட்டுற வளையம் இருக்கோ, ஊசி நிமிர்ந்து நிக்குதோ பாருங்கோ. செய்தவரின்ர பேர் வடிவாத் தெரிஞ்சால் கொஞ்சம் கூடும்.

மூண்டாவது 1961 மாதிரிச் சுவிஸ் சிப்பாய்க் கத்தி. 93 மில்லிமீற்றர் நீளம். 72 எண்டால் 1972. விக்டோரினொக்ஸும் வெங்கரும் ரெண்டு பேரும் செய்தவை, மற்றப் பக்கம் பேர் இருக்கும். 2008 வரை படைக்குக் குடுத்த மாதிரி எண்டதால சந்தையில கன இருக்குது. பாவிக்காத கத்தியெண்டால் மட்டும் நல்ல விலை.

விலை தேடேக்க, கேக்கிற விலையைப் பாக்காதேங்கோ. ஈபேயில விற்று முடிஞ்சதை மட்டும் காட்டுற வசதி இருக்குது. அதே கம்பனி, அதே அலகு எண்ணிக்கை, அதே பிடி, கிட்டத்தட்ட அதே தேய்மானம் உள்ளதா ஏழெட்டு எடுத்து, மிகக் கூடினதையும் மிகக் குறைஞ்சதையும் தள்ளிப்போட்டு நடுவில உள்ளதைப் பாருங்கோ. அதில இருந்து தபால் செலவும் தளத்தின்ர கழிவும் கழியும். வியாபாரி அதுக்கும் கீழதான் தருவார், அவருக்கும் லாபம் வேணும். ஆனால் எவ்வளவு கீழ எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

புலோலிப் பனை

துருவுக்குக் கனக்க யோசிக்கத் தேவையில்லை. ஒரு இரவு மண்ணெண்ணெயில ஊறப்போட்டால் இறுகின அலகும் இளகும். காலமை எடுத்துப் புளி போட்டு மினுக்கி, தேங்காயெண்ணெய் பூசி வைக்கலாம்.

சாணைக்கல்

புலோலி அண்ணை குறை நினைக்கக் கூடாது. மண்வெட்டிக்கும் கொடுவாக்கத்திக்கும் நீங்கள் சொல்லுறது சரி. இந்தக் கத்திக்குக் கூடாது. எலும்பும் கொம்பும் பஞ்சு மாதிரி, மண்ணெண்ணெயைக் குடிக்கும். நிறம் இருண்டு மாறும், காயேக்க ஆணியைச் சுத்தி வெடிக்கும். புளியும் தேசிக்காயும் பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது. காபன் உருக்கை அமிலம் அரிக்கும். மூட்டுக்குள்ள போன புளியைக் கழுவி எடுக்கவும் ஏலாது, ரெண்டு கிழமையில உள்ளுக்க புதுத் துரு தொடங்கும். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் காறலெடுத்துத் தூசியைப் பிடிக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், பிசினா இறுகும். தையல் மெசின் எண்ணெய், இல்லாட்டி மருந்துக் கடையில விக்கிற லிக்குவிட் பரஃபின் காணும்.

இணுவிலான், இறுகின அலகுக்கு இப்பிடிச் செய்யுங்கோ. முதல்ல நாலு பக்கமும் படம் எடுங்கோ. கத்தியின்ர முதுகைக் கீழ வைச்சு, வாய்ப்பக்கத்தால பாருங்கோ. உள்ளுக்க நூல், புகையிலைத் தூள், மண் எல்லாம் கட்டியா இருக்கும். தென்னோலை ஈர்க்கு ஒண்டைச் சீவி அதாலயே கிண்டி எடுக்கலாம். இரும்பு ஊசி பாவிக்காதேங்கோ, பித்தளை உள்தகட்டைக் கீறிப்போடும். பிறகு தையல் ஊசி நுனியில ஒரு துளி எண்ணெய் எடுத்து மூட்டில மட்டும் விடுங்கோ. கத்தியை மூட்டுக் கீழ இருக்கிற மாதிரி நிமிர்த்தி ஒரு நாள் வையுங்கோ. அடுத்த நாள் இன்னொரு துளி. மூண்டு நாலு நாள் எடுக்கலாம், அவசரப்படக் கூடாது.

நகம் வைக்கிற பள்ளத்தில குறடு போட்டு இழுத்தால் பள்ளத்தின்ர விளிம்பு உடையும், சில நேரம் அலகே முறியும். பழைய தோல் வார்த் துண்டை அலகின்ர ரெண்டு பக்கமும் மடிச்சுப் பிடிச்சு, மேல இழுக்காமல் முதல்ல கீழ அமத்திப் பாருங்கோ. அரை மில்லிமீற்றர் அசைஞ்சால் காணும். அமத்தி விட்டு, அமத்தி விட்டு எண்ணெயை உள்ள விடுங்கோ. கறுப்பாக் கசிஞ்சு வாறதைப் பஞ்சால துடைச்சுக்கொண்டே இருங்கோ. கசிவு தெளிஞ்ச பிறகுதான் திறக்க முயற்சிக்கிறது.

துருவில ரெண்டு வகை இருக்குது. சிவப்பாப் பொடியா இருக்கிறது உயிருள்ள துரு, அது போகோணும். சாம்பல், நீலக்கறுப்பு நிறத்தில அழுத்தமாப் படிஞ்சிருக்கிறது பழமையின்ர நிறம், அது உருக்கைக் காப்பாத்துது, விலையையும் காப்பாத்துது. சிவப்பை எடுக்க எண்ணெய் தடவி, பழைய செம்பு நாணயம் ஒண்டின்ர விளிம்பால மெல்லச் சுரண்டுங்கோ. ஜோர்ஜ் மன்னர் காலத்து ஒரு சதம் திறம். செம்பும் வெண்கலமும் உருக்கை விட மென்மையானபடியால் அலகைக் கீறாது, துருவை மட்டும் கிளப்பும். முத்திரைக்கு மேல நாணயமும் வேண்டாம், ஈர்க்கும் எண்ணெயும் மட்டும். மணல்தாள் எண்ட பேச்சே வேண்டாம்.

சைக்கிளில வாற சாணைக்காரரிட்டயும் குடுத்திடாதேங்கோ. சக்கரச் சூட்டில மெல்லிய நுனி நிமிசத்தில நீலமாகும். 290, 300 பாகை செல்சியசுக்கு வந்தால்தான் அந்த நீலம் வரும். அப்ப உருக்கின்ர பதம் போயிட்டுது எண்டு அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது, வாங்கிற ஆளுக்கும் அந்த நிறம் உடன பிடிபடும்.

வைக்கிற இடம்: ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கடல் காத்துக்கும் எங்கட வீடுகளில உருக்கு கெதியாக் கறள் கட்டும். தோல் உறைக்குள்ள வைக்கிற ஆக்கள்தான் கூட இழக்கினம். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து அலகைத் தின்னும், பித்தளையில பச்சைக் களிம்பு பிடிக்கும். உறை இருந்தால் பக்கத்தில தனியா வையுங்கோ, அதுக்கும் விலை இருக்குது. மூடி இறுகின டப்பாவில, அமிலமில்லாத தாளில சுத்தி, சிலிக்கா ஜெல் பொதி ரெண்டு போட்டு வையுங்கோ. மாசத்துக்கு ஒருக்காத் திறந்து எண்ணெய்ச் சீலையால துடையுங்கோ.

சுழிபுரம்–லண்டன்

நாலாவது கத்தியைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. விற்க முந்தி அது என்ன பொருள் எண்டு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

லென்ஸால் பிடியைப் பாருங்கள். சின்னச் சின்ன மண்ணிறப் புள்ளிகள், கோட்டுத் துண்டுகள் தெரிந்தால் எலும்பு. அவை இரத்தக் குழாய் ஓடின துவாரங்கள். தந்தத்தில் அப்படி இராது. தந்தத்தின் குறுக்கு வெட்டுத் தெரிகிற முனையில், ஒன்றையொன்று வெட்டிப் போகிற வளைகோடுகள் வலை மாதிரித் தெரியும். கோடுகள் அச்சடித்த மாதிரி ஒரே இடைவெளியில் நேராகப் போனால் செலுலொயிட், அதாவது தந்தம் மாதிரிச் செய்த பழைய பிளாஸ்ரிக். பெருவிரலால் வேகமாகத் தேய்த்து மணந்து பாருங்கள், கற்பூர வாசம் வரும். சூடான ஊசி குத்திப் பார்க்கச் சொல்லுவார்கள், செய்ய வேண்டாம். செலுலொயிட் குபீரெண்டு பற்றும். தந்தமாக இருந்தால் மாறாத தழும்பு விழும்.

செலுலொயிட் எண்டால் மற்றக் கத்திகளோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். பழுதாகத் தொடங்கினதும் அது அமில ஆவி விடும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கிற கத்தியின் அலகையும் துருவாக்கும். பிடியில் ஒட்டுகிற தன்மை, நுண் வெடிப்புகள், கூர்மையான புளிப்பு வாசம் இருந்தால் தொடங்கிவிட்டது.

தந்தமாக இருந்தால் விற்பதை மறந்து விடுங்கள். இலங்கை, கைப்பற்றிய தந்தங்களை 2016 தை மாதம் காலிமுகத்திடலில் பகிரங்கமாக நொறுக்கின நாடு. வீட்டில் இருப்பதைப் பற்றி வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள். இங்கே பிரித்தானியாவில் தந்தச் சட்டம் 2022 ஆனி 6 தொடக்கம் நடைமுறையில் இருக்கிறது. சில விதிவிலக்குகளைத் தவிர வாங்குவதும் விற்பதும் குற்றம். லண்டனில் உள்ள சொந்தக்காரருக்கு அனுப்பி விற்கலாம் எண்ட எண்ணத்தையும் விடுங்கள். ஆமையோட்டுப் பிடிக்கும் இதே கவனம் வேண்டும். முதலாவது கத்தியின் பிடி மரைக்கொம்பாக இருந்தாலும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முந்தி அதே திணைக்களத்தில் கேட்டு விடுங்கள்.

மற்றவற்றைக் கொண்டு வாற ஆக்கள் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்குப் பெட்டிக்குள்தான். பொத்தானை அமத்தினால் தானாகப் பாய்கிற கத்தி வேறு வகை. அதை இங்கிலாந்தில் வீட்டில் வைத்திருப்பதே 2021 ஆடி தொடக்கம் குற்றம். உங்களுடையது நகத்தால் திறக்கிற சாதாரண வில்லுக்கத்தி, அந்தச் சிக்கல் இல்லை.

இணுவிலான்

எல்லாருக்கும் நன்றி. லென்ஸால பாத்தன். நாலாவதின்ர பிடியில மண்ணிறக் கோட்டுத் துண்டுகள் நிறைய இருக்குது, அப்ப எலும்புதான். வீட்டில நம்ப மாட்டினம்.

றொஜர்ஸ் அளவு: பெரிய அலகு அடியில 12 மில்லிமீற்றர், நடுவில 10.8. சின்ன அலகு நாலாம் நாள் திறந்திட்டுது. அடியில 8, நடுவில 6. டீ எழுத்து இருக்குது. சின்ன அலகின்ர அடியில முடியும் ஜீ, ஆரும் இருக்குது. பிடியில ஒரு ஆணியடியில மயிர்க்கோடு ஒண்டு. பிடி எலும்போ கொம்போ எண்டு இன்னும் பிடிபடேல்லை.

வில்லுக்கத்தி

நல்ல சாமான் தம்பி. பெரிய அலகில 1.2 மில்லிமீற்றர் போயிருக்குது, அது 10 சதவீதம். சின்னதில 2 மில்லிமீற்றர், 25 சதவீதம். பென்சில் சீவுறதெல்லாம் சின்ன அலகாலதான், அதால அதுதான் எப்பவும் முதல்ல தேயும். தரம் போடேக்க மோசமான அலகைத்தான் கணக்கெடுக்கோணும். அந்த மயிர்க்கோட்டையும் சேர்த்தால் "மிக நன்று". "மிகச் சிறப்பு" எண்டு எழுதி வித்தால் வாங்கின ஆள் திருப்பி அனுப்புவார். மயிர்க்கோட்டுக்குச் சுப்பர் குளூ விடாதேங்கோ. வெள்ளையாப் பூத்து, திருத்தின சாமான் மாதிரித் தெரியும்.

பிடிக்கு: மரைக்கொம்பின்ர மேற்பரப்புப் பள்ளம் இயற்கையா, ரெண்டு பக்கத் தட்டிலயும் வேற வேற மாதிரி ஓடும். விளிம்பில பாத்தால் வெளித்தோல் இறுக்கமாவும் உள்ளுக்குப் பஞ்சு மாதிரியும் இருக்கும். எலும்பில வெட்டின கோலமெண்டால் ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கு, பள்ளத்துக்குள்ள லென்ஸ் வைச்சால் அதே மண்ணிறப் புள்ளிகள் தெரியும். கொம்பெண்டால் விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் சுழிபுரம் சொன்ன திணைக்கள வேலை இருக்குது.

விக்கப் போடேக்க ஆறு படம் வேணும்: மூடினபடி ரெண்டு பக்கம், ரெண்டு அலகும் திறந்தபடி ரெண்டு பக்கம், முத்திரை கிட்டத்தில ஒண்டு, முதுகுப்பக்கம் வில்லும் உள்தகடும் ஒரே மட்டத்தில நிக்கிறது ஒண்டு. மயிர்க்கோட்டை மறைக்காமல் தனியா ஏழாவதா எடுங்கோ. காலமை நிழல் வெளிச்சத்தில, பிளாஷ் போடாமல். முத்திரைப் படத்தை இங்க முதல்ல போடுங்கோ, பாத்திட்டு விலைக்கு வருவம். அதுவரைக்கும் வியாபாரிக்கு ரெண்டாவதையும் மூண்டாவதையும் மட்டும் காட்டுங்கோ.